காலத்துக்கேற்ற உடுப்பு: வீட்டுப் பீரோவை ஒழுங்கு செய்வது எப்படி?



2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தூத்துக்குடிப் பக்கத்து மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வருஷம் முழுவதும் பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம். கிறிஸ்துமஸுக்கு அப்போது ஒரு வாரந்தான் இருந்தது.

அப்படிப்பட்ட ஓர் இரவில் ஒரு வீட்டை மனதில் எண்ணிப் பாருங்கள். வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வருகிறது. மின்சாரம் இல்லை. பீரோவின் கீழ்த்தட்டுகள் நனைந்துவிட்டன. நனைந்துபோன சின்னப் பிள்ளை குளிரில் நடுங்குகிறது. பீரோவில் நாற்பது சேலைக்குக் குறைவில்லை. ஆனால் அன்றாடம் உடுத்துகிற பருத்தித் துணிகளும், துண்டுகளும், பிள்ளையின் உடுப்புகளும் கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டில்தானே இருக்கும்? அவையெல்லாம் சேற்று நீரில் கிடக்கின்றன. காய்ந்து இருப்பது மேல்தட்டில் உள்ள பட்டுச் சேலை ஒன்றுதான். தாய் தன் கலியாணப் பட்டை எடுத்துப் பிள்ளையைச் சுற்றிக்கொள்கிறாள்.

அவள் செய்தது சரியே. பிள்ளையைவிடப் பட்டு பெரிதல்ல. ஆனாலும் நாற்பது சேலை இருக்கிற வீட்டில், வேண்டிய வேளையில் ஒரு காய்ந்த துண்டு இல்லாமற் போவதேன்? துணி குறைவாய் இருந்ததனால் அல்ல. துணியில் ஒழுங்கு இல்லாததனால்தான். இந்த வாரக் குடும்பப் பாடம் இதைப் பற்றியது.

1. அளவான அலமாரி என்றால் என்ன?

மேல்நாட்டார் இதைக் "கேப்ஸ்யூல் வார்ட்ரோப்" என்று அழைக்கிறார்கள். 1970-களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் என்ற மாது இந்தப் பெயரைப் பரவச் செய்தார். 1985-ல் நியூயார்க்கில் டோனா கரன் என்ற உடை வடிவமைப்பாளர், ஒன்றோடொன்று சேர்த்து உடுத்தக்கூடிய ஏழே உருப்படிகளை வைத்து ஒரு பெண்ணின் உடைத் தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றலாம் என்று காட்டினார். வேண்டிய மருந்தை வேண்டிய அளவில் ஒரு சிறு குளிகையில் அடக்கி வைப்பதுபோல, வேண்டிய உடுப்பை வேண்டிய அளவில் ஒரு சிறு அலமாரியில் அடக்குவதே இதன் கருத்து.

அவர்கள் போட்ட பட்டியலை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்குக் குளிர்காலமே பெரிய கவலை. கம்பளி மேலங்கி இல்லாமல் அங்கே வீதியில் நடக்க இயலாது. நமக்கோ வெயிலும் வியர்வையும், உப்புக் காற்றும், ஐப்பசி மழையுமே கவலை. ஆகையால் அவர்களுடைய விதியை எடுத்துக்கொண்டு, பட்டியலை நம் சீதோஷ்ணத்தைப் பார்த்து நாமே எழுத வேண்டும். அந்த விதிகள் மூன்று: உடுப்பு காலத்துக்கு ஏற்றதாய் இருக்கவேண்டும், ஒன்று மற்றதோடு பொருந்த வேண்டும், துவைத்துக் காய்வதற்குப் போதிய எண்ணிக்கை வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

2. நம்முடைய நான்கு காலங்கள்

முதலாவது கோடை. மார்ச் முதல் ஜூன் வரை வெயில் கடுமை. 38 டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. கடலோரத்தில் ஈரக் காற்றும் சேர்வதால் வியர்வை எளிதில் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. இதற்குத் துணி உதவ வேண்டும், தடையாய் நிற்கக் கூடாது. சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி 8 கிராமுக்கு மேல் ஈரத்தைத் தன்னுள் வாங்கி வைத்திருக்கும். 100 கிராம் பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட வாங்காது. ஆகவே கோடைக்கு மெல்லிய பருத்தியே உத்தமம். உடம்பை ஒட்டாத தளர்ச்சியான தையலும், வெள்ளை அல்லது இளநிறமும் வேண்டும். மதுரைச் சுங்குடிச் சேலையை நம் தாய்மார் கோடையில் விரும்பி உடுத்தியது வெறும் அழகுக்காக மட்டும் அல்ல.

இரண்டாவது காற்றுக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை பெய்யும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்வதால் நமக்கு வருவது பெரும்பாலும் காய்ந்த காற்றும் புழுதியுமே. கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் புழுதி படியும். இக்காலத்துக்குச் சற்றுக் கனமான, நெருக்கமாய் நெய்த பருத்தி ஏற்றது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை இவ்வகையைச் சேர்ந்தது. காற்றில் எளிதில் பறக்காது, அழுக்கும் சட்டென்று தெரியாது. பனிமய மாதா பெருநாள் ஆகஸ்ட் 5-ந் தேதி வருவதால் நம்மில் பலர் புதுத்துணி எடுப்பதும் இக்காலத்திலேதான். எடுக்கும்போது அன்றைய ஒரு நாளை மாத்திரம் பாராமல், அடுத்து வருகிற மழைக்காலத்தையும் நினைத்து எடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரும் பெண்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் நன்றாய் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். காற்றுக்காலத்தில் பறக்கும் துணி சக்கரத்தில் சிக்கினால் கழுத்தையே இறுக்கிவிடும். உயிர் போகும் ஆபத்து அது.

மூன்றாவது மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நமக்கு வருஷத்தில் கிடைக்கிற மழையில் பெரும்பகுதி இம்மூன்று மாதங்களில்தான். இப்போது பருத்தியின் குணமே அதன் குறையாகிவிடும். ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் துணி சீக்கிரம் காயாது. ஈரப் பருத்தி உடம்பின் சூட்டையும் இழுக்கும். எனவே மழைக்கு மட்டும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி நல்லது. மின்விசிறிக்குக் கீழே போட்டால் இரவில் காய்ந்துவிடும். அடர்ந்த நிறமாய் இருந்தால் சேற்றுக் கறை உறுத்தாது. சேலைக் கரையும் கால்சட்டையின் அடியும் தரையில் இழுபடாமல் இருக்க வேண்டும்.

நான்காவது பனிக்காலம். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. நமக்கு இது குளிர் என்று சொல்லத்தக்கதல்ல; விடியற்காலத்தில் ஒரு சிலிர்ப்பு, அவ்வளவே. இதற்கென்று தனி உடுப்பு வாங்குவது வீண்செலவு. இரண்டு மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் உடுத்தினால் நடுவே நிற்கும் காற்று சூட்டைக் காக்கும். நள்ளிரவுப் பூசைக்குப் போகும் பிள்ளைக்குச் சட்டைக்குள் ஒரு பனியனும், மேலே ஒரு சால்வையும் போதும். விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்தால் சரி. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி உஷ்ணம் குறைகிறது. கொடைக்கானலோ ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 35 டிகிரி இருக்கையில் அங்கே ஏறக்குறைய 22 என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

3. எத்தனை வேண்டும்?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பீரோவில் ஒன்று. கோடையில் காலையில் துவைத்தது மாலைக்குள் காய்ந்துவிடுவதால் மூன்று ஜோடி இருந்தால் அன்றாடப் பிழைப்பு நடக்கும். மழைக்காலத்தில் ஒரு துணி காய மூன்று நாள் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். அப்போது கொடியிலேயே மூன்று கிடக்கும். உடம்பில் ஒன்று, பீரோவில் ஒன்று; ஆக ஐந்து. அதாவது, எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ஆசையல்ல, காயும் நேரமே.

இதைத் திருப்பிப் பார்த்தாலும் பிரயோசனம் உண்டு. காயும் நேரத்தைக் குறைத்தால் எண்ணிக்கையும் குறையும். பள்ளிக்கூடச் சீருடை ஐந்து ஜோடி தைக்க எல்லாருக்கும் இயலாது. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்தவுடன் சட்டையைக் கழற்றி அலசி, துண்டில் வைத்து முறுக்கிப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டால் மூன்று ஜோடியே மழைக்காலத்தையும் தாங்கும். மாலை முழுவதும் சீருடையோடு விளையாட விட்டு, இரவில் துவைத்து, காலையில் ஈரத்தோடு போட்டு அனுப்புவதுதான் தோல் அரிப்புக்கு வழி.

வழிகாட்டியாக ஒரு பட்டியல் தருகிறோம். கூட்டவோ குறைக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு.

தாய்க்கு: வீட்டுக்கும் வெளிக்கும் மெல்லிய பருத்திச் சேலை நான்கு, கனமான பருத்தி இரண்டு, சீக்கிரம் காயும் கலப்புத் துணியில் மூன்று, கோவிலுக்கும் விசேஷங்களுக்கும் இரண்டு, பட்டு ஒன்று அல்லது இரண்டு. ரவிக்கையைச் சேலைக்கொன்றாய்த் தைக்காமல், எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி கருப்பு, சந்தனம், அரக்கு என்று மூன்று நிறத்தில் தைத்துக்கொண்டால் தையற்கூலி பாதியாய்க் குறையும்.

தகப்பனுக்கு: வேலைக்குச் சட்டை ஐந்து, கால்சட்டை மூன்று, வேட்டி இரண்டு, வீட்டில் உடுத்தச் சாரம் மூன்று, கோவிலுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. அந்த வெள்ளைச் சட்டையே கலியாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் பொருந்தும்.

படிக்கும் மகளுக்கு: மேற்சட்டை ஆறு, கீழாடை மூன்று. மூன்று கீழாடையும் ஆறு மேற்சட்டையோடும் பொருந்துமாறு நிறம் பார்த்து எடுத்தால், ஆறை மூன்றால் பெருக்கிப் பதினெட்டு விதமாய் உடுத்தலாம். இதில் இன்னொரு பாடமும் அடங்கியிருக்கிறது. எல்லாவற்றோடும் பொருந்துகிற ஒரு மேற்சட்டையை வாங்கினால் மூன்று புது ஜோடி கிடைக்கிறது. எதோடும் பொருந்தாத ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினால் அதற்காக இன்னொரு கீழாடை வாங்க வேண்டி வருகிறது. தள்ளுபடி இலாபமா நஷ்டமா என்று மகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுபிள்ளைகளுக்கு: வீட்டுடுப்பு ஐந்து, வெளியே போக இரண்டு. வளர்கிற பிள்ளையாதலால் உள்ளே தையல் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். உள்ளாடை மட்டும் எல்லாருக்கும் ஆளுக்கு ஏழுக்குக் குறையக் கூடாது. விசேஷச் சேலைக்குப் பணம் இருந்து, உள்ளாடைக்கு இல்லை என்பது நம் வீடுகளில் உள்ள ஒரு குறை.

4. கடனும் கைப்பேசியும்

முன்பெல்லாம் கடைக்குப் போனால்தான் துணி வாங்குவோம். இப்போது கைப்பேசியில் விரல் பட்டால் துணி வாசலுக்கு வருகிறது; பணம் தவணையாகக் கழிகிறது. பெருநாளைக்கு எடுத்த துணியின் தவணை, ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவு வரும்போதும் தீராமல் நிற்கிற வீடுகள் உண்டு. அந்தக் கவலை கணவன் மனைவிக்குள் சச்சரவாக மாறுகிறதையும் நாம் அறிவோம்.

ஆகையால் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். வாங்கத் தோன்றுகிறபோது மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் காலத்துக்கு? வீட்டில் இருக்கிற எந்த மூன்றோடு பொருந்தும்? இதற்கு இடங்கொடுத்து எதை வெளியே எடுக்கப் போகிறேன்? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். பெரும்பாலும் ஆசை அதற்குள் ஆறிவிடும். ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவிப்பது முதல் துணியாக்குவது வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

5. பாதுகாக்கும் முறை

காலம் மாறும்போது பீரோவும் மாற வேண்டும். வருகிற காலத்தின் துணி கைக்கு எட்டும் தட்டிலும், போன காலத்தின் துணி மேலேயும் இருக்கட்டும். மேலே ஏற்றுமுன் துவைத்து, வெயிலில் நன்றாய்க் காயவைத்து, சூடு ஆறிய பின் மடியுங்கள். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அடுக்கி வைக்கக் கூடாது. கஞ்சியைத் தின்னப் பூச்சி வரும். நிறத்துணியை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிக் காயவைத்தால் வெளுக்காது. பட்டைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள், சரிகை முறியாது.

பாச்சா உருண்டை என்கிற நாப்தலீனைக் கைக்குழந்தைகளின் துணியோடு ஒருபோதும் வைக்க வேண்டாம். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாய்ப் பிறந்த குழந்தைகள் உண்டு, பார்த்தால் தெரியாது. அவர்களுக்கு அதன் ஆவி பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். அன்றியும், அது மிட்டாய் போல் இருப்பதால் தவழும் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும்.

அடுப்படியில் நைலான், பாலியெஸ்டர் உடுப்பு வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. எதை உடுத்தினாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே அடுப்பருகே நில்லுங்கள்.

6. பரண்மேல் ஒரு மூட்டை

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். அந்த இரவில் அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது என்ன? ஆளுக்கு ஒரு ஜோடி உடுப்பு, இரண்டு துண்டு, ஒரு போர்வை. இவ்வளவுதான். இதைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குடும்ப அட்டை, ஆதார், ஞானஸ்நானச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு பரண்மேல் வைத்தால் போதும். செப்டம்பர் கடைசியில் கட்டி, ஜனவரியில் அவிழ்த்து வெயிலில் காட்டுங்கள். பிள்ளைகளின் அளவு மாறியிருந்தால் மாற்றி வையுங்கள். புதிதாய் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பீரோவில் அதிகமாய்க் கிடப்பதே இதற்குப் போதும்.

மீதியாகிறதைப் பிறருக்குக் கொடுங்கள். ஆனால் கிழிந்ததையும் கறைபட்டதையும் கொடுப்பது தருமம் ஆகாது, அதைக் கரித்துணியாக்குங்கள். துவைத்து, பித்தான் வைத்து, நாம் நாளைக்கு உடுத்தத் தயங்காத நிலையில் கொடுப்பதே கொடை. வாங்குகிறவருக்கும் மானம் உண்டு.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

சனிக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து பீரோவைக் காலி செய்யுங்கள். கோடை, காற்று, மழை, பனி என்று நான்கு குவியலாகப் பிரியுங்கள். பிறகு ஒருவரையொருவர் கேளுங்கள்:

(1) ஒரு வருஷமாய் உடுத்தாமல் கிடப்பது எத்தனை? ஏன்?

(2) எந்தக் காலத்துக்குத் துணி மிகுதி, எந்தக் காலத்துக்குக் குறைவு?

(3) எவருக்கேனும் உள்ளாடையோ சீருடையோ பற்றாமல் இருக்கிறதா? அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டிருந்தாரா?

(4) இன்றிரவு வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், காய்ந்த துணி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான்காவது கேள்விக்குச் சின்னப் பிள்ளைகூடப் பரணைக் கைகாட்டிச் சொல்லுமானால், இந்தப் பாடத்தை உங்கள் வீடு படித்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். கலியாணப் பட்டு கலியாணப் பட்டாகவே பெட்டியில் இருக்கட்டும். பிள்ளையைத் துவட்ட ஒரு துண்டு எப்போதும் காய்ந்திருக்கட்டும்.